உங்கள் செல்போனும் ஓர் அமானிதம்தான்: போனுக்குள்ளேயே இருக்கும் பூட்டுகள்



வாப்பா துபாயில், மகன் ரியாத்தில், ஊரில் உம்மாவின் கையில் ஒரு ஸ்மார்ட்போன். நம் பகுதிகளில் பல வீடுகளின் நிலை இதுதான். அந்த ஒரு போனில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் ஓ.டி.பி. வந்து விழும் சிம் கார்டு, பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகல், ஆதார், நகைக்கடன் ரசீது, வீட்டுப் பெண்கள் தங்களுக்குள் எடுத்துக்கொண்ட படங்கள். வாப்பா ஜமாஅத் பொறுப்பில் இருந்தால் ஜகாத் பெறும் ஏழைக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலும் அதில்தான் இருக்கும்.

இவை எல்லாம் நம்முடையவை மட்டும் என்றால், போனால் நம் நஷ்டம் என்று விட்டுவிடலாம். இதில் பெரும்பகுதி மற்றவர்கள் நம்மை நம்பி நம் கையில் விட்டவை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக திர்மிதீயில் வரும் செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். போனைப் பொறுத்தவரை அந்தக் கயிற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. "உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, இதை இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று வரும் விளம்பரங்களை நம்பவும் வேண்டாம். தேவையானவை போனின் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறிப்பு. ஒவ்வொரு கம்பெனி போனிலும் செட்டிங்ஸின் அடுக்கு வேறு வேறாக இருக்கும். நாம் சொல்லும் பெயர் கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள், வந்துவிடும்.

முதலில் சிம் கார்டு

போனுக்குக் கைரேகைப் பூட்டு போட்டிருக்கிறோம், இனி யாராலும் திறக்க முடியாது என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். திருடியவன் போனைத் திறக்கவே தேவையில்லை. ஒரு குண்டூசியால் சிம்மை வெளியே எடுத்து வேறு போனில் போடுவான். அந்த நிமிடம் முதல் உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் ஓ.டி.பி.யும் அவனுக்கு வரும். உங்கள் எண்ணில் வாட்ஸ்அப்பைத் தொடங்கி, "அவசரமாக மருத்துவமனையில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள்" என்று குடும்பக் குழுவில் செய்தி போடவும் அவனால் முடியும்.

இதோடு நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. போன் கவரின் பின்பக்கத்தில் ஏ.டி.எம். கார்டையும் ஆதாரையும் செருகி வைப்பது. யு.பி.ஐ. பின் நம்பரைப் புதிதாக அமைக்க, டெபிட் கார்டின் கடைசி 6 எண்களும் அது காலாவதியாகும் மாதமும், அல்லது ஆதார் விவரமும், கூடவே ஓ.டி.பி.யும் கேட்கப்படுகின்றன. சிம், கார்டு, ஆதார் மூன்றையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது, பெட்டியின் சாவியைப் பெட்டி மேலேயே கட்டி வைப்பது போன்றது. கார்டை இன்றே கவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சிம்முக்குத் தனிப் பூட்டு உண்டு. செட்டிங்ஸில் 'சிம் லாக்' அல்லது 'சிம் பின்' என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டாவுக்கான பகுதியிலேயே இருக்கும். இதை இயக்கும்போது போன் பழைய பின் நம்பர் ஒன்றைக் கேட்கும். அது சிம் கம்பெனி முன்கூட்டியே வைத்த எண். கஸ்டமர் கேருக்கு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், தயவுசெய்து ஊகித்துப் போடாதீர்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு 'பி.யு.கே.' என்ற 8 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதிய சிம்தான் வாங்க வேண்டும். சரியான எண்ணைப் போட்டுப் பூட்டியபின், அந்த எண்ணை உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணாக மாற்றிவிடுங்கள்.

இனி சிம்மை வேறு போனில் போட்டால் அது பின் கேட்டு நிற்கும். உங்கள் போனை அணைத்துப் போட்டாலும் கேட்கும் என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்து மீண்டும் வந்ததும் உம்மா பின் போடாமல் விட்டால், வெளிநாட்டிலிருந்து மகன் அழைக்கும் அழைப்பு வராது. பிறகு அந்தப் பதற்றம் வேறு.

வாட்ஸ்அப்பிலும் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதில் 6 இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சிம் போனாலும் அந்த எண் இல்லாமல் உங்கள் பெயரில் உடனே வாட்ஸ்அப் தொடங்க முடியாது.

திரைப்பூட்டு

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோடு இழுக்கும் பேட்டர்ன் வேண்டாம். கண்ணாடியில் படியும் விரல் பிசுக்கை வைத்தே அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-லேயே காட்டிவிட்டார்கள். பிரியாணிக் கை பட்ட கண்ணாடியாக இருந்தால் ஆய்வாளரே தேவையில்லை. 4 இலக்க எண்ணில் 10,000 சேர்க்கைகள், 6 இலக்கத்தில் 10 லட்சம். 6 போடுங்கள். பிறந்த வருடமும் வண்டி நம்பரும் வேண்டாம்.

சமையலும் துணி துவைப்பும் செய்து ரேகை தேய்ந்த கைகளுக்குக் கைரேகைப் பூட்டு சரியாக வேலை செய்யாது. அதனால் பல உம்மாமார்கள் பூட்டையே எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எண் பூட்டை மட்டும் பழக்கிவிடுங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களில் வரும் முகப் பூட்டு, முன்பக்கக் கேமராவில் தெரியும் படத்தை மட்டும் பார்ப்பது. சிலவற்றைப் போட்டோவைக் காட்டியே திறந்துவிடலாம். நிகாப் அணியும் சகோதரிகளுக்கு அது வெளியில் உதவவும் உதவாது. ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் முகக்கவசத்தோடு கண் பகுதியைப் பார்த்துத் திறக்கும் வசதியை ஆப்பிள் 2022-ல் கொடுத்தது. மற்ற போன்களில் கைரேகையே மேல்.

'ஸ்மார்ட் லாக்' அல்லது 'எக்ஸ்டெண்ட் அன்லாக்' என்ற வசதி, வீட்டுக்குள் இருக்கும்வரை போனைத் திறந்தே வைத்திருக்கும். கல்யாண வீடு, மையித்து வீடு என்று நூறு பேர் வந்து போகும் நம் வீடுகளுக்கு இது ஒத்துவராது. நிறுத்திவிடுங்கள்.

பூட்டிய திரையில் தெரியும் செய்திகளையும் மறைக்க வேண்டும். போன் பூட்டியிருக்கும்போதே ஓ.டி.பி. முழுதாகத் திரையில் தெரிந்தால் பூட்டியும் பலனில்லை. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியில், லாக் ஸ்கிரீனில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. செய்தி வந்திருப்பது தெரியும், என்ன என்பது தெரியாது.

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஃபைல்

நிக்காஹ் அழைப்பிதழ் இப்போது வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. மோசடிக்காரர்களுக்கும் அது தெரியும். அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது, வங்கி கே.ஒய்.சி. என்ற பெயர்களில் வரும் ஃபைலைத் தொட்டதும் ஓர் ஆப் போனில் இறங்கி, எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓ.டி.பி.களை எல்லாம் எங்கோ இருப்பவனுக்கு அனுப்பும். நாட்டின் பல மாநிலப் போலீஸார் இதுபற்றி எச்சரித்திருக்கிறார்கள். இது அறிமுகமில்லாத எண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. ஏற்கனவே மாட்டிக்கொண்ட நம் உறவினரின் வாட்ஸ்அப்பிலிருந்தும் வரும். மச்சான் அனுப்பினார், நம்பித் திறந்தேன் என்று சொல்ல வேண்டி வரும்.

உண்மையான பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வீடியோவாகவோ வரும். ஃபைல் பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப்.

ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்துத் தொட எல்லோராலும் முடியாது. அதனால் கதவையே அடைத்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். எந்தெந்த ஆப் வழியாகப் பிற ஆப்களை இறக்கலாம் என்ற பட்டியல் வரும். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஃபைல் மேனேஜர் ஆகிய எல்லாவற்றுக்கும் அனுமதியை நிறுத்துங்கள். பிளே ஸ்டோருக்குள் போய் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் 'பிளே புரொடெக்ட்' வரும். அது இயங்குகிறதா என்றும் பாருங்கள். அதை நிறுத்தச் சொல்லி யாராவது போனில் வழிகாட்டினால், அவர் வங்கியிலிருந்து பேசவில்லை என்பது உறுதி.

அக்ஸெஸிபிலிட்டி என்ற பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக, திரையில் இருப்பதை ஆப்கள் படித்துக் காட்டவும் அவர்களுக்குப் பதிலாகத் தொடவும் தரப்படும் அனுமதி அது. மோசடி ஆப்கள் விரும்பிக் கேட்பதும் இதைத்தான். தெரியாத பெயர் அங்கே இருந்தால் நிறுத்திவிட்டு அந்த ஆப்பை நீக்குங்கள்.

ஏற்கனவே தொட்டுவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அடுத்து வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறிச் சென்றுகொண்டே இருக்கும் என்பதால் இதில் ஒரு மணி நேரம் தாமதிப்பதும் பெரிய தாமதம். பொதுச் சார்ஜரில் சொருகினால் பணம் போய்விடும் என்ற செய்தி ஒவ்வொரு குழுவிலும் வாரம் ஒருமுறை சுற்றுகிறது. அந்த அச்சத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த ஃபைல்களுக்குக் கொடுத்தால் போதும்.

தொழுகை நேர ஆப்களும் இருப்பிடமும்

நம்மில் பெரும்பாலோர் போனில் பாங்கு ஆப் ஒன்று இருக்கும். 2020 நவம்பரில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனத்தின் மதர்போர்டு செய்தித்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. அப்போது 9.8 கோடிக்கு மேல் பதிவிறக்கம் ஆகியிருந்த முஸ்லிம் புரோ ஆப், பயனாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள். செய்தி வந்ததும் அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் புரோ அறிவித்தது. 2022-ல் அல்-முஅத்தின் லைட் என்ற மற்றொரு தொழுகை நேர ஆப், உள்ளே இருந்த தகவல் சேகரிக்கும் நிரலுக்காகக் கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்கு யார் போகிறார்கள் என்று காட்டும் இருப்பிடத் தகவலை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோடையும் அதன் அடுத்த வடிவமான அவுட்லாஜிக்கையும் தடுத்தது.

இதைக் கேட்டு எல்லா பாங்கு ஆப்களையும் நீக்க வேண்டியதில்லை. அந்த ஆப்புக்கு உண்மையில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் போதும். சூரியன் ஒரு பாகை நகர 4 நிமிடம் ஆகிறது. நம் ஊர்ப் பகுதியில் ஒரு பாகை என்பது கிழக்கு மேற்காகச் சுமார் 109 கிலோமீட்டர். நாகூருக்கும் கோயம்புத்தூருக்கும் லுஹர் நேரத்தில் வித்தியாசம் 11, 12 நிமிடம்தான். ஒரே ஊரில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சில நொடிகள். கிப்லா திசையும் ஊர் தெரிந்தால் போதும், தெரு தெரிய வேண்டியதில்லை. நீங்கள் எந்தப் பள்ளிவாசலில் எத்தனை நிமிடம் இருந்தீர்கள் என்பது தொழுகை நேரம் கணக்கிட எதற்கு?

செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' என்று தேடி, லொகேஷனைத் திறந்தால் இருப்பிடம் கேட்கும் எல்லா ஆப்களும் வரிசையாக வரும். பாங்கு ஆப்பைத் தொட்டு, 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். கீழே 'துல்லியமான இருப்பிடம்' என்ற பொத்தானை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பு முதலும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும் இந்த வசதி இருக்கிறது. ஊரைக் கையாலேயே தேர்ந்தெடுக்க ஆப் இடம் கொடுத்தால் இன்னும் நல்லது, இருப்பிட அனுமதியே வேண்டாம். தொடர்பு எண்கள், எஸ்.எம்.எஸ்., மைக் ஆகியவற்றைக் கேட்கும் தொழுகை ஆப்பை யோசிக்காமல் நீக்குங்கள். அதே பட்டியலில் டார்ச், கால்குலேட்டர், விளையாட்டு என்று இருப்பிடம் கேட்கும் மற்ற ஆப்களையும் பார்ப்பீர்கள். அங்கேயே அனுமதியை எடுத்துவிடுங்கள்.

சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும்போது

டிஸ்ப்ளே உடைந்தால் போனைக் கடையில் கொடுத்து, பின் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். உள்ளே வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தச் சீட்டு மேஜை மேல் கிடக்கும் இரண்டு நாளில் அந்தக் கடைக்கு எத்தனை பேர் வந்து போவார்கள்? பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நம் வீட்டின் உட்புறத்தை நாமே பூட்டில்லாமல் கொடுத்துவிட்டு வருவது சரியாகாது.

டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் பின் மாற்றுவதற்கு உங்கள் பின் நம்பர் தேவையில்லை. டச் வேலை செய்கிறதா என்பதைப் பூட்டிய திரையில் வரும் அவசர அழைப்பு எண் பலகையிலும் கேமராவிலுமே பார்க்கலாம். சாம்சங் போன்களில் 2022 முதல் 'மெயின்டெனன்ஸ் மோட்' என்ற வசதி வந்திருக்கிறது. கூகுள் பிக்சலில் அதன் பெயர் 'ரிப்பேர் மோட்'. அதை இயக்கிவிட்டுக் கொடுத்தால் போன் புதிதாக வாங்கியது போல வெறுமையாகத் தெரியும், உங்கள் படங்களும் செய்திகளும் உள்ளே பூட்டியபடி இருக்கும். திரும்பி வந்ததும் உங்கள் பின் போட்டு நிறுத்தினால் பழையபடி எல்லாம் வரும்.

இந்த வசதி இல்லாத போன் என்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு, போனை அணைத்துக் கொடுங்கள். இப்போதைய போன்களில் உள்ளே இருக்கும் தகவல் சங்கேதமாக மாற்றி வைக்கப்பட்டிருக்கும். அணைத்து இயக்கிய போன், முதல் முறை பின் போடும்வரை அதைத் திறக்காது. மெமரி கார்டு பொதுவாக அப்படி இல்லை. யார் எடுத்து கம்ப்யூட்டரில் போட்டாலும் படங்கள் வந்து நிற்கும். குடும்பப் படங்கள் கார்டில் சேராமல் போனிலேயே சேரும்படி கேமரா செட்டிங்ஸில் மாற்றிவிடுங்கள்.

படங்களுக்குத் தனி அறையும் இருக்கிறது. சாம்சங்கில் 'செக்யூர் ஃபோல்டர்', கூகுள் போட்டோஸில் 'லாக்டு ஃபோல்டர்', ஆண்ட்ராய்டு 15 முதல் 'பிரைவேட் ஸ்பேஸ்'. ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல் 'ஹிட்டன்' ஆல்பம் முகமோ கைரேகையோ கேட்டுத்தான் திறக்கும். சின்னப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்கும்போது ஒரே ஆப்பில் நிறுத்தி வைக்கும் 'ஆப் பின்னிங்' ஆண்ட்ராய்டிலும், 'கைடட் அக்ஸெஸ்' ஐபோனிலும் உண்டு.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவியின் போனில் அவளுக்குத் தெரியாமல் வேவு பார்க்கும் ஆப் போட்டுவிட்டுப் பயணம் போகிறவர்களும் இருக்கிறார்கள். துருவித் துருவி ஆராய்வதை சூரா ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. மார்க்க விஷயத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், அந்த ஆப் உங்கள் வீட்டுப் பேச்சையும் படத்தையும் முகம் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமானால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' போன்றவற்றைப் பிள்ளைக்குத் தெரியும்படியே வைக்கலாம்.

தொலைந்த பின் தேடுவதற்கு, தொலையும் முன் செய்ய வேண்டியவை

புதுப் போன் வாங்கும்போது கடைப் பையனே ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிடுகிறான். போன் தொலைந்த அன்றுதான் அந்தப் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது தெரிகிறது. இன்றே அதை மாற்றி, நீங்கள் அறிந்த பாஸ்வேர்டாக வையுங்கள். கணக்கை மீட்கும் எண்ணாகக் கடைக்காரர் எண் இருந்தால் எடுத்துவிட்டு, குடும்பத்தில் மற்றொருவரின் எண்ணைப் போடுங்கள்.

கூகுளின் 'ஃபைண்ட் மை டிவைஸ்', 2025 முதல் 'ஃபைண்ட் ஹப்' என்ற பெயரில் வருகிறது. ஐபோனில் 'ஃபைண்ட் மை'. அது இயங்குகிறதா என்று பாருங்கள். ஃபைண்ட் ஹப்பில் ஒரு சிக்கல் உண்டு. வேறு போனிலிருந்து உங்கள் கணக்கில் நுழையும்போது, உறுதிசெய்யும் எண்ணைத் தொலைந்த போனுக்கே அனுப்பலாம். அதற்காகத்தான் 2024-ல் 'ரிமோட் லாக்' வந்தது. ஆண்ட்ராய்டு 10-க்கு மேற்பட்ட பெரும்பாலான போன்களில், 'தெஃப்ட் புரொடெக்ஷன்' என்ற பகுதியில் இருக்கும். முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், போன் எண்ணை மட்டும் வைத்து யார் போனிலிருந்தும் ஆண்ட்ராய்டின் தளத்துக்குப் போய்த் திரையைப் பூட்டிவிடலாம், தொலைந்த போன் இணையத்தில் இருக்கும்வரை. அதே பகுதியில் 'தெஃப்ட் டிடெக்ஷன் லாக்' இருக்கும். கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவைக் கண்டு போன் தானே பூட்டிக்கொள்ளும். ஐபோன்காரர்கள் 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்' என்பதை இயக்குங்கள். உங்கள் பாஸ்கோடைப் பார்த்துவிட்டே திருடியவனும், வீட்டுக்கு வெளியே உடனே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஒரு மணி நேரம் காக்க வைக்கும்.

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்கள் பூட்டுத் திரையில் ஒரு வரி எழுதி வைக்கலாம். 'லாக் ஸ்கிரீன் மெசேஜ்' என்று தேடினால் வரும். உங்கள் குழுத் தலைவரின் சவூதி எண்ணைப் போடுங்கள். ஹரமின் கூட்டத்தில் போனைக் கண்டெடுக்கும் நல்லவர் யாரை அழைப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டாம்.

கடைசியாக ஒரு காகிதம். போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று தட்டினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போனுக்கு இரண்டு எண். அதை எழுதுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'பேக்கப் கோட்ஸ்' என்று 10 எண்கள் தரப்படும். அவற்றையும் எழுதுங்கள். சிம் கம்பெனியின் எண், வங்கியின் எண், 1930, ரிமோட் லாக்கில் பதிந்த எண் ஆகியவையும் சேரட்டும். போன் தொலைந்தால் முதலில் ரிமோட் லாக், அடுத்து சிம்மை நிறுத்துவது, பிறகு வங்கி, அதன்பின் போலீஸ் புகார். புகார் நகலையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், அந்த போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் இயங்காதபடி தடுக்கலாம். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கலாம். காகிதத்தைப் பாஸ்போர்ட்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் பீரோவில் வையுங்கள், வீட்டில் இன்னும் ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். அதைப் படம் எடுத்துப் போனில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.